பிடிப்பது வில், விடுவிப்பது மின்சாரம்

பாரந்தூக்கிகளில் உள்ள ‘எலெக்ட்ரிக் பிரேக்’கை ‘மின்தடை’ என மொழிபெயர்த்தல் பொருந்தாது. அச்சொல் மின்வெட்டையும் மின்னோட்டத்திற்கான எதிர்ப்பையும் முன்பே குறிக்கிறது. மேலும், மின்சாரமே பிடிக்கிறது என்னும் தவறான எண்ணத்தையும் அது தருகிறது. பிடிப்பது சுருள்வில், மின்காந்தம் அவ்வில்லின் விசையை வென்று பிடியை விடுவிக்கிறது. அதனாலேயே மின்சாரம் நின்றாலும் சுமை விழுவதில்லை.

பிரேக்கின் உராய்வுப் பட்டை தேயத் தேய, காந்தத்திற்கும் அது இழுக்கும் தகட்டிற்கும் உள்ள இடைவெளி கூடும். மிகக் கூடினால் பிடி முழுதும் விடாது. பட்டை உரசிச் சூடேறும். ஆதலின் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இடைவெளியைச் சீராக்கல் வேண்டும். அதற்கு மின்சாரத்தைத் துண்டித்தல் மட்டும் போதாது. வில்லைத் தளர்த்தினால் தொங்கும் சுமை விழும். முதலில் சுமையைத் தரையில் இறக்குதல் வேண்டும்.

‘மின்விடுவிப்புப் பிரேக்’ என்னும் பெயர் இவ்வுண்மையைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. கலைச்சொல் ஆக்குவோர் கருவியின் இயக்கத்தை முதலில் அறிதல் நன்று.