வகுத்துப் பார்க்காமலே கண்டறிந்த பகா எண்

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727.

மொத்தம் 39 இலக்கங்கள். 127 இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இந்த எண். இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1876-இல் கண்டறிந்தார். கணினி இல்லாத காலம், கைக்கணக்குதான். 'ஹனோய் கோபுரம்' என்ற வட்டு அடுக்கும் புதிரை உலகுக்குத் தந்தவரும் இவரே.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். 91-ஐப் பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். 7-ஆல் வகுத்தால் 13 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும். சிறிய எண் என்றால் 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போகலாம். இந்த 39 இலக்க எண்ணுக்கோ 20 இலக்க எண்கள் வரை வகுத்தாக வேண்டும். எத்தனை ஆயுள் இருந்தாலும் போதாது. லூக்கா அந்த வழிக்கே போகவில்லை.

அவர் வழியை 31-ஐ வைத்துப் பார்க்கலாம். 31 என்பது 2⁵ − 1. முதலில் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கம் 16. 2 போக 14. 14-இன் வர்க்கம் 196. 2 போக 194. இதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இன் வர்க்கம் 64. 2 போக 62. 62-ஐ 31 மீதியின்றி வகுக்கிறது. அடுக்கு 5 என்பதால், அதில் இரண்டு குறைத்து மூன்று படிகள். மூன்றாம் படியில் மீதி பூஜ்யம் வந்தால் 31 பகா எண், வராவிட்டால் இல்லை. லூக்காவின் யோசனைக்கு இந்த எளிய வடிவத்தைக் கொடுத்தவர், 1930-களில், அமெரிக்கரான லெமர்.

நடுவே வந்த வகுத்தலும் பெயரளவுக்குத்தான். 194-இல் 32 ஆறு முறை அடங்கும், மிச்சம் 2. ஒவ்வொரு 32-ஐயும் 31-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஆகவே ஆறையும் இரண்டையும் கூட்டினால் போதும், 8 கிடைத்துவிடும். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எல்லா எண்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. மிகப்பெரிய பகா எண்ணைத் தேடுபவர்கள் இந்தக் குடும்பத்தையே சுற்றிச்சுற்றி வருவது இந்தச் சோதனையாலும் இந்தச் சலுகையாலும்தான்.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலின்படி 2⁶⁷ − 1 பகா எண். அது தவறு என்று லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் அதை எந்த எண் வகுக்கும் என்பது அவருக்கும் தெரியாது! உடையும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது, எங்கே உடையும் என்று சொல்ல முடியவில்லை. கணிதத்தில் என்னை இவ்வளவு வியக்கவைத்த இடங்கள் குறைவு. 27 ஆண்டுகள் கழித்து, 1903-இல், அமெரிக்கரான கோல் அதன் காரணிகளைக் கண்டுபிடித்தார்: 193707721, 761838257287.

லூக்காவின் 39 இலக்க எண், 1951 வரை 75 ஆண்டுகள் அறியப்பட்ட பகா எண்களில் மிகப்பெரியதாக இருந்தது. பிறகு கணினிகள் வந்தன. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். வரைகலைச் செயலிகள் அதைப் பிடித்துத் தந்தன. ஆனால் அதை உறுதிசெய்த சோதனை, 31-க்கு நாம் மேலே செய்ததுதான்: வர்க்கமாக்கு, இரண்டைக் கழி, மீதியை எடு. மூன்று படிகளுக்குப் பதில் 13,62,79,839 படிகள்.