விட்டுச் செல்லப்பட்ட பக்கம்: பகுப்பாய்வு உளவியலும் இறையியலும்

பகுப்பாய்வு உளவியலை நிறுவிய கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) ஒரு போதகரின் மகன். அவருடைய தந்தை பவுல் யுங் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையில் ஊழியம் செய்தவர்; கீழ்த்திசை மொழிகளில் முனைவர் பட்டம் பெற்றவர். தாய்வழி உறவினருள் அறுவரும், தந்தையின் உடன்பிறந்தாருள் இருவரும் போதகர்களே. இத்தகைய குடும்பத்தில் வளர்ந்த சிறுவன் திடப்படுத்தலுக்கு ஆயத்தமானபோது, வினாவிடை நூலில் திரித்துவத்தைப் பற்றிய பகுதியைக் கண்டு, தந்தை அதனை விளக்கும் நாளுக்காக ஆவலோடு காத்திருந்தான். அந்நாளும் வந்தது. தந்தையோ, தமக்கே அது விளங்கவில்லையென்று கூறி, அப்பகுதியை விட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டார். தந்தையின் நேர்மையை மகன் மதித்தான். எனினும் ஏமாற்றம் அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. யுங் மறைந்த பின்னர் 1962-இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் இச்செய்தி காணப்படுகிறது.

முதுமையில் ஒருவர் தம் இளமையை நினைவுகூர்வதை வரலாற்று ஆவணமாக அப்படியே கொள்ளலாகாது. ஆயினும், போதகர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியைக் கேட்டு வாளாவிருக்க இயலாது. நாம் விட்டுச் செல்லும் பக்கத்தை வேறொருவர் எடுத்து வாசிப்பார் என்பதே இது நமக்குக் கற்பிக்கும் பாடம். யுங் தம் வாழ்நாள் முழுவதும் வாசித்தது அப்பக்கத்தையே எனலாம். அவர் வாசித்த முறை சரியானதா? அதனின்று இறையியலார் பெறத்தக்கது யாது? மறுக்கத்தக்கது யாது? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

பகுப்பாய்வு உளவியல் என்பது யாது?

யுங் சமயக் கருத்துகளிலிருந்து தம் ஆய்வைத் தொடங்கவில்லை, மருத்துவமனையிலிருந்தே தொடங்கினார். சூரிச் நகரின் புர்கஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, நோயாளரிடம் சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவர்கள் மனத்தில் உடனே தோன்றும் மறுசொல்லையும், அதற்கு ஆகும் நேரத்தையும் குறித்துவந்தார். சில சொற்களுக்கு மறுமொழி தாமதமாயிற்று, சிலர் தடுமாறினர். அச்சொற்கள் உள்ளத்தில் மறைந்து கிடக்கும் உணர்ச்சிச் சிக்கல்களைத் தீண்டின என்று அவர் கண்டார். இவ்வாய்வே அவரைச் சிக்மண்ட் பிராய்டிடம் கொண்டு சேர்த்தது. 1913-இல் இருவரும் பிரிந்தனர். அதன்பின் தம் முறையைப் பிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து வேறுபடுத்தவே ‘பகுப்பாய்வு உளவியல்’ என்னும் பெயரை யுங் வழங்கினார்.

அவர் கொள்கையில் நமக்கு வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொருவருக்கும் உரிய நனவிலி மனத்திற்கும் அடியில், மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான கூட்டு நனவிலி ஒன்று உண்டு என்பது. இரண்டாவது, அதனுள் தொல்படிமங்கள் உறைகின்றன என்பது. அவை கனவிலும், புராணத்திலும், சமயச் சடங்கிலும் உருப்பெற்று வெளிப்படும். மூன்றாவது, ‘நிழல்’ என்பது. நம்மிடம் உள்ளதாக ஏற்க நாம் மறுக்கும் பகுதியே நிழல். ஏற்க மறுத்ததனால் அது மறைந்துவிடுவதில்லை. அயலான்மேல் ஏற்றப்பட்டு, அவனிடம் காணப்படும் குற்றமாக நமக்குத் தோற்றமளிக்கிறது.

துறைகளின் எல்லை கடந்து

இக்கருத்துகள் மருத்துவத் துறைக்குள் அடங்கி நிற்கவில்லை. சீனாவில் மிஷனெரியாகப் பணியாற்றிச் சீன மறைநூல்களை ஜெர்மன் மொழிக்குக் கொணர்ந்த ரிச்சர்டு வில்ஹெல்மோடு சேர்ந்து, 1929-இல் சீனத் தியான நூலொன்றை விளக்கவுரையுடன் யுங் வெளியிட்டார். கிரேக்கப் புராண ஆய்வாளர் கார்ல் கெரேனியுடன் 1941-இல் புராணவியல் பற்றி எழுதினார். இயற்பியலில் 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற வுல்ஃப்காங் பௌலியும் அவரும் தத்தம் கட்டுரைகளை 1952-இல் ஒரே நூலாக வெளியிட்டனர். அதில் பௌலி எழுதியது, வானியலார் கெப்ளரின் அறிவியற் கருத்துகளில் தொல்படிமங்கள் பெற்ற இடத்தைப் பற்றியதாகும். 1933 முதல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் ஆண்டுதோறும் கூடிய எரனோஸ் மாநாடுகளில் யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலம், சமய வரலாற்றாசிரியர் மிர்ச்சா எலியாதே போன்றோர் உரையாற்றினர்.

இறையியலும் இவ்வுரையாடலுக்குப் புறம்பாயிருக்கவில்லை. ரூடால்ஃப் ஓட்டோ 1917-இல் வெளியிட்ட தூய்மை பற்றிய நூலில், அச்சுறுத்தியும் ஈர்த்தும் மனிதனை ஆட்கொள்ளும் இறை அனுபவத்திற்கு இட்ட பெயரையே யுங் தம் கலைச்சொல்லாக எடுத்தாண்டார். எகிப்தின் நாக் ஹம்மாதியில் 1945-இல் கிடைத்த ஞானவாதச் சுவடிகளுள் ஒன்று 1952-இல் அவர் நிறுவனத்திற்காக வாங்கப்பட்டு, ‘யுங் சுவடி’ எனப் பெயர் பெற்றது. பின்னர் கெய்ரோவிலுள்ள காப்டிக் அருங்காட்சியகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

துறைகளின் எல்லையைக் கடப்போர்க்கு நேரும் ஆபத்துக்கும் ஒரு சான்று கூறுவோம். 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் பேராயத்தின் வெள்ளி விழாவையொட்டி யுங் நம் நாட்டிற்கு வந்தார். திருவண்ணாமலையில் அப்போது வாழ்ந்திருந்த இரமண மகரிஷியை அவர் சென்று காணவில்லை. ஆயினும், இரமணரைப் பற்றி இந்தியவியலார் ஹைன்ரிச் ஸிம்மர் எழுதி 1944-இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கினார். நேரில் சென்று கேளாத ஒருவரைத் தம் கோட்பாட்டிற்குள் வைத்து விளக்குவது எளிது. கேட்டபின் விளக்குவதே கடினம்.

நட்பும் பிளவும்

இறையியலார்க்கு மிகுந்த பயன் தருவது யுங்கிற்கும் விக்டர் வைட்டிற்கும் இடையே நிகழ்ந்த வாதமேயாகும். வைட் ஆங்கிலேயர்; தொமினிக்கன் சபைத் துறவி; ஆக்ஸ்போர்டில் இறையியல் கற்பித்தவர்; தாமஸ் அக்வினாவின் மரபில் தேர்ந்தவர். 1945-இல் தம் கட்டுரைகளை அவர் யுங்கிற்கு அனுப்பினார். தம் கருத்துகளை உண்மையாகவே புரிந்துகொண்ட இறையியலார் ஒருவர் கிடைத்தாரென்று யுங் மகிழ்ந்தார். கடிதங்கள் பெருகின, வைட் சுவிட்சர்லாந்து சென்று யுங்கின் இல்லத்தில் தங்கினார். 1952-இல் வைட் எழுதிய ‘கடவுளும் நனவிலியும்’ என்னும் நூல் யுங்கின் முன்னுரையோடு வெளிவந்தது.

அதே ஆண்டில்தான் யுங்கின் ‘யோபுவுக்கு மறுமொழி’யும் வெளியாயிற்று. அந்நூலில் யுங், யோபுவைத் துன்புறுத்திய இறைவனிடமே ஒளியும் இருளும் கலந்துள்ளன என்றும், யோபு அறநிலையில் இறைவனினும் உயர்ந்து நின்றான் என்றும் வாதிட்டார். இறைவன் மனிதனாவது இம்முரண்பாட்டின் விளைவு என்பது அவர் முடிவு. வைட் 1955-இல் இந்நூலைக் கடுமையாக விமர்சித்தார். நட்பு முறிந்தது. 1960-இல் வைட் நோயுற்றபோது மீண்டும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் வைட் மறைந்தார். அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் யுங்கும் மறைந்தார்.

இவ்வாதத்தின் மையம் பழைய கோட்பாடு ஒன்றாகும். தீமை தனக்கென ஓர் இருப்புடைய பொருளன்று, நன்மையின் இன்மையே தீமை என்று அகுஸ்தீன் முதலான திருச்சபைப் பிதாக்கள் கற்பித்தனர். தேவன் படைத்த யாவும் நல்லவை; ஆதலின் தீமை அவரால் படைக்கப்பட்டதன்று என்பதே அவர்கள் காக்க விரும்பிய உண்மை. யுங் இதனை ஏற்கவில்லை. தம்மிடம் வரும் நோயாளரை அழிப்பது வெறும் இன்மையன்று என்றும், தீமையை இன்மையென்று கூறுவோர் அதன் வலிமையை மறைக்கின்றனர் என்றும் அவர் கருதினார். அதற்கு வைட்டின் மரபு தரும் விடை வலுவானது. குருடு என்பது பார்வையின் இன்மை. ஆயினும் குருடன் படும் துன்பம் பொய்யன்று. இன்மை என்பதும் மாயை என்பதும் ஒன்றல்ல. இருக்கவேண்டிய இடத்தில் நன்மை இல்லாமற்போவதே பெருங்கேடு.

இவ்விடத்தில் நாம் வைட்டின் பக்கமே நிற்கிறோம். இருள் தேவனுடைய இயல்பிலேயே கலந்ததெனின், சிலுவையண்டையில் நிற்பவர்க்கு எவ்வித நம்பிக்கையும் எஞ்சாது. எனினும் யுங்கின் குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிடவும் நம்மால் இயலாது. தீமை வெறும் இன்மையே என்னும் கோட்பாட்டைக் கூறி, அழுதுகொண்டிருக்கும் தாயின் வாயை அடைத்த போதகர் எவரும் இல்லையென்று யாரே துணிந்து கூறுவர்? கோட்பாடு மெய்யாயிருப்பினும், அதனைக் கூறும் வேளையும் நோக்கமும் பொய்யாகக் கூடும். யோபுவின் நண்பர்கள் செய்த தவறு அதுவன்றோ?

எல்லைக்கல்

உளவியலார் தேவனைப் பற்றிப் பேசும்போது உண்மையில் எதனைப் பற்றிப் பேசுகின்றனர்? மனித உள்ளத்தில் தோன்றும் கடவுட்படிமத்தைப் பற்றியே தாம் பேசுவதாகவும், கடவுள் உண்டா இல்லையா என்பது தம் துறைக்கு அப்பாற்பட்டதென்றும் யுங் பலமுறை கூறினார். யூத அறிஞர் மார்ட்டின் பூபர் 1952-இல் இதனை மறுத்தார். யுங் தாம் வகுத்த எல்லையைத் தாமே மீறுகிறார் என்பதும், இறைவனை மனித உள்ளத்தில் நிகழும் நிகழ்ச்சியாகக் குறைத்துவிடுகிறார் என்பதும் பூபரின் குற்றச்சாட்டு. ‘யோபுவுக்கு மறுமொழி’யை வாசிப்போர் பூபரின் கூற்றில் உண்மை உண்டென உணர்வர். படிமத்தைப் பற்றிய நூலாகத் தொடங்குவது, வரவர இறைவனையே நியாயத்தீர்ப்புக்கு நிறுத்தும் நூலாகிறது.

யுங்கைப் போற்றுவோரும் மறக்கலாகாத மற்றொன்று உண்டு. நாத்சி ஆட்சி நிலவிய காலத்தில், 1933 முதல் சில ஆண்டுகள், உளமருத்துவத்திற்கான பன்னாட்டுச் சங்கமொன்றின் தலைமையை அவர் வகித்தார். அக்காலத்தில் யூதர் உளவியலையும் ஜெர்மானியர் உளவியலையும் வேறுபடுத்தி அவர் எழுதியவை இன்றளவும் கண்டிக்கப்படுகின்றன. நிழலைப் பற்றி உலகிற்குக் கற்பித்தவரும் தம் நிழலை முழுவதும் கண்டாரல்லர்.

ஆத்தும மேய்ப்பர்க்கு

1932-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் கூடிய போதகர் மாநாட்டில் யுங் உரையாற்றினார். வாழ்வின் நடுப்பகுதியைக் கடந்த தம் நோயாளர் அனைவருடைய சிக்கலும் இறுதியில் சமய நோக்கை இழந்ததாலோ அதனை அடையாததாலோ விளைந்ததே என்று அவர் அவர்களிடம் கூறினார். அத்தகையோர் போதகரை நாடாமல் மருத்துவரை நாடுவதேன் என்னும் வினாவையும் எழுப்பினார். நியாயந்தீர்க்காமல் தம்மைக் கேட்கவல்ல ஒருவரை அவர்கள் தேடினர் என்பதே விடையின் சாரம். தன்னுள் இருக்கும் பகைவனை ஏற்க அஞ்சுவோன், பிறனுடைய பாவத்தைப் பொறுமையோடு கேட்கமாட்டான் என்பதும் அவர் கருத்து. ரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தைப் போதிக்கும் நமக்கு இது புதியதன்று. ஆனால் நாம் அதனைப் பிரசங்க பீடத்தில் விளக்கிவிட்டுச் சபைக் கமிட்டியில் மறந்துவிடுகிறோம். இரு பிரிவுகளாய்ப் பிளவுண்ட சபையில் ஒவ்வொரு பிரிவினரும் மற்றவர்மேல் சாட்டும் குற்றங்களைக் கூர்ந்து கேட்பின், அவற்றுள் எத்தனை தம் சொந்த நிழல் என்பது விளங்கும்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிப்போம். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்துகையில், அண்மையில் தம்பியை இழந்திருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சாத்தானையும் ஆண்டவர்தாமே உண்டாக்கினார்?” என்று கேட்டான். பத்துக் கற்பனைகளை அன்று முடித்தாக வேண்டியிருந்தது. “அதைப் பிறகு பார்ப்போம்” என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றோம். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. அவன் திடப்படுத்தல் பெற்றான், திருவிருந்திலும் பங்குகொண்டான், மீண்டும் நம்மிடம் வினா எதுவும் கேட்டதில்லை. யுங்கின் தந்தையாவது தமக்கு விளங்கவில்லையென்று ஒப்புக்கொண்டார். நாமோ அதனையும் செய்யவில்லை.

யுங்கின் விடைகள் அனைத்தையும் இறையியல் மாணவர் ஏற்க வேண்டுவதில்லை. பலவற்றை மறுக்கவே வேண்டும். ஆயினும் மறுப்பதற்கு முன், அவரை அவ்விடைகளுக்குத் துரத்திய வினாவைக் கேட்கவேண்டும். விளங்காத பக்கம் வரும்போது அதனைத் தள்ளிவிட்டுச் செல்லாமல், விளங்கவில்லையென்று ஒப்புக்கொண்டு, வினவியவரோடு அப்பக்கத்தண்டையிலேயே சற்று அமர்ந்திருப்பதும் மேய்ப்பரின் ஊழியமே.