தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: வாசகர் ஊகங்களும் பாத்திர விவாதங்களும்

தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் என்பது ஆங்கில எழுத்தாளரும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) எழுதிய கனவுருப்புனைவு நெடுங்கதையாகும். ஒரே நூலாக எழுதப்பட்ட இது, போருக்குப் பிந்தைய காகிதச் செலவு முதலிய காரணங்களால் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிடப்பட்டது. கதையின் அடிப்படை எளியது. சௌரோன் என்னும் தீய ஆற்றலாளன் வார்த்த மோதிரம் ஒன்று, ஹாபிட் எனப்படும் குள்ள இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோவிடம் வந்து சேர்கிறது. அது வார்க்கப்பட்ட எரிமலையின் நெருப்பில் மட்டுமே அதனை அழிக்க முடியும். அம்மலையோ பகைவனின் நாடான மோர்டோரின் நடுவே உள்ளது. ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் அங்கு நடந்தே போகிறார்கள். (கதையின் முடிவு கீழே பேசப்படுகிறது, இன்னும் படிக்காதவர்கள் நூலைப் படித்துவிட்டு வருவது நல்லது.)

நூல் வெளிவந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைப் பற்றிய வாசகர் சர்ச்சைகள் ஓயவில்லை. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா, கர்ணன் கொடையில் சிறந்தவனா நட்பில் சிறந்தவனா என்ற பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பழக்கம் புதிதன்று.

எது சான்று?

இந்த விவாதங்களில் இறங்குவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை. டோல்கீன் வாழ்ந்தபோது அச்சான நூல்களுக்கே முதலிடம். அடுத்து, அவர் வாசகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் எழுதிய கடிதங்கள். இவற்றின் தொகுப்பு 1981இல் வந்தது. மூன்றாவதாக, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற கைப்பிரதிகள். இவற்றை மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் ஒழுங்குபடுத்தி, 1977இல் தி சில்மரில்லியன் என்ற நூலாகவும், 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகள் கொண்ட வரிசையாகவும் வெளியிட்டார். கடிதத்தில் ஆசிரியர் எழுதிய விளக்கம் கதையைக் கட்டுப்படுத்துமா என்பதே தனி வழக்கு. கடிதத்தை நல்ல சாட்சியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. பில்போவும் அவனுக்குப் பின் ஃப்ரோடோவும் எழுதி, சாமிடம் ஒப்படைத்த பழைய ஏடு ஒன்றைத் தாம் மொழிபெயர்த்ததாகவே டோல்கீன் பாவனை செய்கிறார். இந்தப் பாவனையை அவர் எவ்வளவு தூரம் கொண்டுசென்றார் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். இக்கதைக்கு முந்தைய நூலான தி ஹாபிட் 1937இல் வந்தபோது, குகைவாசியான கோல்லம் புதிர்ப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றபின் மோதிரத்தைக் காணாமல் வருந்தி, அதற்கு ஈடாக பில்போவுக்கு வெளியேறும் வழியைக் காட்டுகிறான். பின்னர் எழுதிய பெருங்கதையில் மோதிரத்தை யாராலும் எளிதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டதால், இது பொருந்தவில்லை. எனவே 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றினார். பழையதை மறைத்துவிடவும் இல்லை. அது பில்போ சொன்ன பொய் என்று புதிய கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். மோதிரம் அன்றே அவன் மனத்தைக் கெடுக்கத் தொடங்கியது என்பதற்கு அந்தப் பொய்யே அடையாளமாயிற்று. தம் பிழையைக் கதையாக்கிய இந்தச் சாமர்த்தியம் வாசகர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஏட்டை எழுதியவன் ஓரிடத்தில் பொய் சொன்னான் என்றால், வேறு எங்கெல்லாம் சொல்லியிருப்பான்? கோல்லத்தைப் பற்றி நாம் படிப்பதில் சாமின் வெறுப்பு எவ்வளவு கலந்திருக்கிறது?

சிறகு உண்டா, இல்லையா?

மிகவும் பெயர்பெற்ற சண்டை பால்ராக் என்னும் தீப்பூதத்தைப் பற்றியது. மோரியாச் சுரங்கத்தின் பாலத்தில் அது மந்திரவாதி காண்டால்ஃபை எதிர்த்து நிற்கிறது. அதைச் சூழ்ந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப் போல விரிந்ததாக ஒரு வாக்கியம் சொல்கிறது. சற்று நேரத்தில் வரும் மற்றொரு வாக்கியத்தில் ‘போல’ இல்லை; சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்றே வருகிறது. தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்கு இது விளங்கிவிடும். முதலில் உவமை, பிறகு உருவகம். முகத்தை நிலவு போன்றது என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியில் ‘முகநிலா’ என்றால், கழுத்துக்கு மேல் நிலவு முளைத்துவிட்டது என்று யாரும் கொள்வதில்லை. சிறகு இல்லை என்போரின் வாதம் இதுதான். உண்டு என்போர், முதலில் இருட்டில் ஐயமாகத் தெரிந்தது பிறகு தெளிவாகத் தெரிந்தது என்கிறார்கள். சிறகு இருந்தால் பாலம் உடைந்தபோது ஏன் பாதாளத்தில் விழுந்தது என்ற கேள்விக்கு அவர்களால் எளிதாக விடை சொல்ல முடிவதில்லை. 2001இல் வந்த பீட்டர் ஜாக்சனின் திரைப்படம் சிறகு வைத்துக் காட்டியதால், படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருவோரில் பலர் சிறகுக் கட்சியில் இருப்பது இயல்பு.

டாம் பாம்படில் யார்?

ஃப்ரோடோ பயணத்தின் தொடக்கத்தில் சந்திக்கும் விந்தை மனிதர் டாம் பாம்படில். மஞ்சள் காலணி போட்டுக்கொண்டு பாட்டுப் பாடித் திரிபவர். எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரம் இவரை ஒன்றும் செய்வதில்லை. விரலில் போட்டாலும் மறைவதில்லை. போட்டுக்கொண்டு மறைந்த ஃப்ரோடோவையும் இவர் பார்த்துவிடுகிறார். ஆகவே இவர் கடவுளே என்றும், மண்ணுலகின் ஆவி என்றும், ஆசிரியரே மாறுவேடத்தில் வருகிறார் என்றும் ஊகங்கள் பல. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே தீயவர் என்றுகூட ஒரு ஊகம் உலவுகிறது. ஹாபிட்டுகளை இரண்டு முறை சாவிலிருந்து மீட்டவரைப் பற்றி இப்படிச் சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும்.

கடவுள் என்ற ஊகத்தை டோல்கீன் தம் கடிதத்திலேயே ஏற்க மறுத்தார். 1937இல் பதிப்பாளருக்கு எழுதியபோது, மறைந்துவரும் ஆக்ஸ்போர்டு, பெர்க்‌ஷயர் நாட்டுப்புறத்தின் ஆவி என்று இவரைக் குறிப்பிட்டார். 1954இல் எழுதிய மற்றொரு கடிதத்தில், இவரை விளங்காப் புதிராக வேண்டுமென்றே விட்டுவைத்ததாகச் சொன்னார். இவரது பிறப்பு வேடிக்கையானது. டோல்கீன் வீட்டுப் பிள்ளைகளின் மரப்பொம்மை ஒன்றிலிருந்து பெயரும் தோற்றமும் எடுத்து எழுதிய கவிதை 1934இலேயே அச்சாகிவிட்டது. பெருங்கதைக்கு முன்னரே இருந்தவர், விருந்தாளியாக அதற்குள் நுழைந்தார். இந்த விவரத்தை அறிந்தபின் ஊகங்களின் வேகம் சற்றுத் தணியும்.

கழுகுகள்

பெருங்கழுகுகளில் ஏறிப் பறந்துபோய் மோதிரத்தை எரிமலையில் போட்டிருக்கலாமே என்ற கேள்வியைக் கேட்காத வாசகர் குறைவு. வானத்திலும் பகைவனின் காவல் இருந்தது, இரகசியமாகப் போவதே திட்டம் என்பது வழக்கமான விடை. பாலத்திலிருந்து விழும் காண்டால்ஃபின் கடைசிச் சொல், கழுகில் பறந்து செல்லுங்கள் என்ற மறைகுறிப்பு என்றும் ஓர் ஊகம் உண்டு. அவர் சொன்ன ‘ஃப்ளை’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘ஓடித் தப்பு’ என்ற பழைய பொருளும் இருக்கிறது. அது தெரிந்தால் இந்த ஊகம் நிற்காது.

ஃப்ரோடோ தோற்றானா?

மேலே சொன்னவை பொழுதுபோக்கு என்றால், இது அப்படியன்று. எத்தனையோ துன்பங்களைத் தாங்கி எரிமலையின் வாயில் வந்து நிற்கும் ஃப்ரோடோ, மோதிரத்தை எறிய மறுத்துவிடுகிறான். அது தனக்கே உரியது என்று சொல்லி விரலில் போட்டுக்கொள்கிறான். பின்தொடர்ந்து வந்த கோல்லம் அவன் விரலைக் கடித்துத் துண்டித்து மோதிரத்தைப் பறிக்கிறான். மகிழ்ச்சியில் கூத்தாடும்போது கால் தவறி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். உலகம் காப்பாற்றப்படுகிறது. ஆனால் காப்பாற்றியவன் ஃப்ரோடோ அல்லன்.

இதைப் படித்த வாசகர் ஒருவர், ஃப்ரோடோவைப் போற்றியது தவறு, துரோகி என்று கொன்றிருக்க வேண்டும் என்று கடுமையாக எழுதியதை டோல்கீன் குறிப்பிட்டிருக்கிறார். ஃப்ரோடோ தோற்றான் என்பதை அவர் மறுக்கவில்லை. அதைக் கவனித்தவர்களே குறைவு என்றுதான் 1956இல் வியந்தார். ஆனால், 1963இல் ஒரு வாசகிக்கு எழுதிய நீண்ட கடித வரைவில் வேறுபாடு ஒன்றைத் தெளிவாக்கினார். அது ஒழுக்கத் தோல்வி ஆகாது என்பது அவர் நிலை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், மோதிரத்தின் அழுத்தத்தை எதிர்க்க எவராலும் முடிந்திராது. ஃப்ரோடோ தன்னால் இயன்ற அனைத்தையும் செலவழித்து, வேலை முடியக்கூடிய ஒரு நிலையை உண்டாக்கிவிட்டான்.

இந்த விளக்கத்துக்குக் கடிதம் வரை போகவே தேவையில்லை. கதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே விதை இருக்கிறது. தன் வீட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும்போது, கணப்பு நெருப்பில் மோதிரத்தை எறிய எண்ணிய ஃப்ரோடோ, தன்னை அறியாமலே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். வீட்டு அடுப்பில் போட முடியாதவன் எரிமலையில் எப்படிப் போடுவான்? மாணவர்கள் இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்க்கட்சியிலும் சாரம் இருக்கிறது. கட்டாயம் தோற்கும்படி அமைந்த தேர்வில் ஒருவனை உட்காரவைத்துவிட்டு, தோற்றதற்கு அவன் பொறுப்பில்லை என்றால், அவன் வென்றிருந்தால் கிடைக்கும் பெருமையும் அவனுக்கு உரியதாகுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு முழு நிறைவான விடை கிடைத்ததில்லை. ஆனால் கதைக்குள் ஃப்ரோடோவே தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஊர் திரும்பிய பின், ஆண்டுதோறும் அக்டோபர் 6, மார்ச் 13 ஆகிய நாள்களில், காயம்பட்ட நாள்களின் நினைவாக, நோய்வாய்ப்படுகிறான். அப்படியொரு நாளில், அது என்றென்றைக்கும் போய்விட்டது என்று புலம்புகிறான். எது? மோதிரம்தான். அழிக்கப் புறப்பட்டவனே அதன் அழிவுக்கு ஏங்குகிறான். உடற்காயத்தைவிட இந்த ஏக்கமும் தன்னைத்தானே நொந்துகொள்வதும்தான் அவன் ஊரைவிட்டுக் கப்பலேறக் காரணம் என்று வாதிடுவோரின் பக்கமே நான். டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வென்ற பக்கத்தில் நின்று, வீடு திரும்பியும் ஆறாமல் போன இளைஞர்களை அவர் தலைமுறை நிறையக் கண்டது.

கோல்லம் ஏன் விழுந்தான்?

கால் தவறியது தற்செயலா? கோல்லம் மோதிரத்தின் மேல் ஆணையிட்டுத்தான் ஃப்ரோடோவுக்குப் பணிந்தான். மோதிரம் அந்த ஆணையைத் திரித்து உனக்கே தீங்காக்கும் என்று ஃப்ரோடோ எச்சரிக்கிறான். கடைசி நெருக்கடியில் தான் மோதிரத்தை அணிந்து கட்டளையிட்டால், நெருப்பில் குதிக்கச் சொன்னாலும் நீ குதிப்பாய் என்றும் சொல்கிறான். மலைச்சரிவில், இனி என்னைத் தொட்டால் நெருப்பில் எறியப்படுவாய் என்று ஓர் அதிகாரக் குரல் ஒலிக்கிறது. சிறிது நேரத்தில் கோல்லம் தொடுகிறான், விழுகிறான். எனவே மோதிரத்தின் ஆற்றலே தன்னை அழித்துக்கொண்டது என்பது ஒரு நல்ல ஊகம், வரிக்கு வரி சான்றுள்ள ஊகம். டோல்கீன் தம் கடிதத்தில் சுட்டுவது வேறு: கதையை எழுதும் மேலான ஒருவர் அங்கே பொறுப்பேற்றுக்கொண்டார், அவர் நான் அல்லன் என்கிறார். அவர் உறுதியான கத்தோலிக்கர். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இதனோடு சேர்ந்தது சாமைப் பற்றிய வழக்கு. உண்மையான நாயகன் சாமே என்போர் பலர். தன்னிடம் வந்த மோதிரத்தை, தயங்கியபடியே என்றாலும், திருப்பிக் கொடுத்தவன் அவன். ஆனால் ஒரு நாள் வைத்திருந்தவனையும் பல மாதங்கள் சுமந்தவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மேலும் ஓர் இடம் சாமுக்குப் பாதகமாக உள்ளது. மலைப்படிக்கட்டில் தூங்கும் ஃப்ரோடோவின் முழங்காலை கோல்லம் மெல்லத் தொடுகிறான். அந்த நொடியில் அவன் திருந்தும் விளிம்பில் நிற்கிறான். விழித்த சாம் கடுஞ்சொல் சொல்கிறான். அந்த நொடி போய்விடுகிறது. இதைக் கதையின் மிகத் துயரமான தருணமாக டோல்கீன் கருதினார். கோல்லம் திருந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் ஊகித்தார்: மோதிரத்தின் மேலுள்ள ஆசையை அவனால் விட முடிந்திராது, அதைப் பறித்திருப்பான், பிறகு ஃப்ரோடோவுக்காகத் தானே நெருப்பில் குதித்திருப்பான். ஆசிரியரே தம் கதைக்கு ஊகம் எழுதியிருக்கிறார்!

2003இல் வந்த மூன்றாவது திரைப்படம் இந்த இடத்தை மாற்றியது. அதில் விரலை இழந்த ஃப்ரோடோ எழுந்து வந்து மோதிரத்துக்காக கோல்லத்தோடு மல்லுக்கட்டுகிறான். அந்தப் போராட்டத்தில் இருவரும் விளிம்பைத் தாண்டுகிறார்கள், ஃப்ரோடோ மட்டும் விளிம்பைப் பற்றித் தொங்குகிறான். திரைக்கு அது விறுவிறுப்பு. ஆனால் கோல்லம் தானாக விழவில்லை என்று ஆனதும், தற்செயலா, ஆணையின் பலனா, மேலான ஒருவரின் செயலா என்ற கேள்வியே படத்தில் எழாமல் போயிற்று.