பழைய ரைஃபிளுக்கு ஏன் வெந்நீர்?

தபால்தலை சேர்ப்பவர்களையும் நாணயம் சேர்ப்பவர்களையும் நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்தில் பழைய இராணுவ ரைஃபிள்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் பெரிதும் விரும்புவது லீ-என்ஃபீல்டு ரைஃபிள். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பெயரும், லண்டனுக்கு வடக்கே அரசு ஆயுதத் தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டு என்ற ஊரின் பெயரும் சேர்ந்து உண்டான பெயர் இது. வங்காளத்தின் இஷாப்பூரிலும் இவை செய்யப்பட்டன. இரண்டு உலகப் போர்களும் முடிந்தபின் தேவைக்கு மேல் மிஞ்சிய ரைஃபிள்கள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அங்கே சுடும் நிலையிலுள்ள ரைஃபிளை வைத்திருக்கக் காவல் துறையின் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் இவ்வகை தடை செய்யப்பட்ட துளையுள்ள ஆயுதமாகும்.

ரைஃபிளின் உடலிலுள்ள முத்திரைகளே அதன் பிறப்புச் சான்றிதழ். கிரீடம், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாதிரி எண் எல்லாம் அதில் இருக்கும். அகன்ற அம்புக்குறி ஒன்று இருந்தால் அது அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். ஆனால், அனுபவமுள்ளவர் முத்திரையோடு நிற்பதில்லை. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். ரைஃபிளின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குழலின் உட்சுவரில் ஐந்து வரிப்பள்ளங்கள் திருகுபோல் ஓடுகின்றன. 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. குண்டு வினாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 744-ஐ 0.254 ஆல் வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள்! சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, இந்தச் சுழற்சியால்தான் குண்டு குப்புறப் புரளாமல் நேராகப் பறக்கிறது. வரிகளைத் துரு தின்றுவிட்டால் குறி தப்பும்.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது? பலரும் கரிமருந்தின் மேல் பழி போடுவார்கள். அது தவறு. குற்றவாளி தோட்டாவின் அடியிலுள்ள சிறு பற்றவைப்புக் கிண்ணம். பழைய தோட்டாக்களில் அதற்குள் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. வெடிக்கும்போது குளோரேட் தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. இது நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு. இந்த உப்பு மெல்லிய படலமாகக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்துமல்லவா? எஃகின் பரப்பில் எண்ணற்ற நுண்ணிய மின்கலங்கள் தோன்றி இரும்பை அரிக்கத் தொடங்குகின்றன. மழைக்கால இங்கிலாந்தில் ஒரே இரவு போதும்.

சுட்டவுடன் எண்ணெய் தடவினால் என்ன? எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய்ப் படலத்தின் அடியில் உப்புத் துகள்கள் அப்படியே இருக்கும். குழல் பளபளப்பாகத் தெரியும். சில நாள் கழித்துப் பார்த்தால் உட்சுவரில் அம்மைத் தழும்புபோல் குழிகள்! விலை கொடுத்து வாங்கிய எத்தனையோ நல்ல ரைஃபிள்கள் இப்படித்தான் கெட்டன.

பிரிட்டிஷ் சிப்பாய் செய்தது வேறு. புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கும் நீரை ஊற்றினான். இரும்புக்கு நீரா என்று திகைக்க வேண்டாம். உப்பைக் கரைத்து வெளியேற்ற நீரே சிறந்தது. அதற்குக் குளிர்ந்த நீரே போதும்: 20 டிகிரி செல்சியசில் 100 கிராம் நீர் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும், குழலில் இருப்பதோ அதில் அற்பப் பகுதி. பிறகு கொதிநீர் எதற்கு? உலர்த்துவதற்கு! எஃகின் வெப்ப எண் நீரின் வெப்ப எண்ணில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே கொதிநீர் குழலை விரைவில் சூடாக்கிவிடும்; எஞ்சிய ஈரம் அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். சிக்கனமான ஏற்பாடு!

இன்று விற்கும் புதிய தோட்டாக்களில் பெரும்பாலும் குளோரேட் இல்லை. அவற்றைச் சுட்டபின் வெந்நீர் தேவையில்லை. பெட்டியோடு கிடைக்கும் பழைய இராணுவத் தோட்டாவைச் சுடுபவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலில் கொதிநீர், அடுத்து உலர்ந்த துணி, குழல் ஆறியபின் எண்ணெய். அடைப்பானின் முகத்திலும் உப்பு தெறித்திருக்கும். அதைக் கழற்றித் தனியே கழுவ வேண்டும்.