சொல் விளையாட்டும் சொல் தேடும் மூளையும்

பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டுவரும் தந்தையை அழைத்துக்கொண்டு மகன் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். தந்தை, இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். "மூளைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று கைப்பேசியில் ஆங்கிலச் சொல் விளையாட்டு ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்தேன். 'என்' என்ற எழுத்து உள்ள சொற்களைக் கேட்டால் ஒன்றுகூட வரவில்லை. நினைவு போய்விட்டதா டாக்டர்?" என்று கலக்கத்தோடு கேட்டார் மகன்.

நாங்கள் தந்தையின் அருகில் அமர்ந்து கேள்வியை மாற்றினோம். "ஐயா, வேலைக்குப் போன நாள்களில் அன்றாடம் காதில் விழுந்த சொற்கள் சிலவற்றைச் சொல்லுங்கள்." சற்று நேரம் எடுத்துக்கொண்டு, இடைவெளி விட்டு விட்டு அவர் சொன்னார்: "கேன்டீன்... ஸ்பேனர்... கன்வேயர்... யூனியன்... போனஸ்." ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ஐந்து சொற்களிலும் 'என்' இருக்கிறது. சொற்கள் அவரிடம் இருந்தன. அவற்றை எடுக்கச் சொன்ன வழிதான் அவருக்குப் பழக்கமில்லாதது.

நம் மனம் சொற்களை அகராதிபோல் எழுத்து வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. பொருளாலும் ஒலியாலும் ஒன்றோடொன்று பின்னி வைத்திருக்கிறது. கேன்டீன் என்றதும் தேநீரும் உணவு இடைவேளை மணியும் உடன் உண்ட நண்பர்களும் நினைவுக்கு வருவது அதனால்தான். ஒரு சொல்லின் நடுவில் எந்த எழுத்து இருக்கிறது என்று தேடுவது நலமாக உள்ளவர்களுக்கும் கடினம். ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் உளவியலறிஞர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தின் ஐந்து மெய்யெழுத்துகளைக் கொடுத்து, அவை சொல்லின் முதலெழுத்தாக மிகுதியாக வருமா, மூன்றாம் எழுத்தாகவா என்று கேட்டனர். உண்மையில் ஐந்தும் மூன்றாம் இடத்திலேயே மிகுதி. ஆயினும் 152 பேரில் 105 பேர், பெரும்பாலான எழுத்துகளுக்கு முதலிடமே மிகுதி என்றனர். முதலெழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுவது எளிது. அந்த எளிமை அவர்களை ஏமாற்றிவிட்டது.

மருத்துவர்களாகிய நாங்களும் இத்தகைய விளையாட்டு ஒன்றைச் சோதனையாகப் பயன்படுத்துகிறோம். ஓர் எழுத்தைக் கூறி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்திற்குள் சொல்லச் சொல்வோம். ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் கணக்கில் சேரா. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் ஆகியவையும், நம் மொழிகளில் க, ப, ம ஆகியவையும் இதற்குப் பயன்படுகின்றன. இத்தேடலில் மூளையின் முன்மடலுக்குப் பெரும்பங்கு உண்டு. விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னால், பொருளறிவைத் தாங்கும் பக்கவாட்டு மடலின் பங்கு கூடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் பாதிப்பு எத்தகையது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும். ஆயினும் நோயர் எவ்வளவு படித்தவர், எந்த மொழியில் வாழ்ந்தவர், நன்றாக உறங்கினாரா, மனம் சோர்ந்திருக்கிறாரா என்பனவற்றை அறியாமல் அந்த எண்ணிக்கையை நாங்கள் நம்புவதில்லை. வீட்டில் கைப்பேசி காட்டும் மதிப்பெண்ணை வைத்து நீங்களும் முடிவுக்கு வர வேண்டா.

சொல் விளையாட்டு நல்லதா என்று பலரும் கேட்கின்றனர். நல்லதே, ஆனால் அது மருந்தன்று. ஒரு விளையாட்டைத் தொடர்ந்து ஆடினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடும். அதனால் மட்டுமே பேச்சு திரும்பிவிடும் என்றோ மறதிநோய் வாராது என்றோ எங்களால் உறுதி கூற இயலாது. பேச்சிழப்புக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் முறையான பயிற்சியே உரிய சிகிச்சை. விளையாட்டின் பெரும்பயன், அது உங்களை நோயரின் அருகில் உட்காரவைக்கிறது என்பதுதான்.

விளையாடும்போது சிலவற்றை மனத்திற்கொள்ளுங்கள். நோயர் எந்த மொழியில் வாழ்ந்தாரோ அந்த மொழியில் தொடங்குங்கள். தமிழில் 'ழ' எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது, உள்ளேதான் ஒளிந்திருக்கும். ஆகவே 'ழ' உள்ள சொற்களைத் தேடுவது நல்ல விளையாட்டு. ஆனால் எழுத்தைச் சொல்லித் தொடங்காதீர்கள். பொருளைச் சொல்லித் தொடங்குங்கள். "தோட்டத்தில் இருப்பது, குலை தள்ளுவது" என்றால் வாழை வந்துவிடும். வராவிட்டால் "வா..." என்று முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுத்துக் காத்திருங்கள். கடிகாரம் வேண்டா. தவறைக் கண்டு நகைக்கவும் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் தேர்வு வைக்கவும் வேண்டா. சைகையால் காட்டினாலும் அது விடையே. பத்து நிமிடம் போதும். களைப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

அந்த மகன் அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். பழம், மழை, விழா, ஏழு என்று அவர் எழுதியிருந்த வரிசையின் கீழே, தந்தை தம் இடக்கையால் கோணலாக எழுதிய ஒரு சொல் இருந்தது: தொழில்.

இறுதியாக ஒன்று. விளையாட்டில் சொல் தாமதமாக வருவது அஞ்சத்தக்கதன்று. பேசிக்கொண்டிருப்பவருக்குத் திடீரெனச் சொல் வராமற்போவதும், பேச்சுக் குழறுவதும், முகம் ஒருபுறம் கோணுவதும், ஒரு கை தளர்ந்து விழுவதும் பக்கவாதத்தின் அறிகுறிகள். அவை சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காமல் உடனே 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, தகுதியுடைய நோயர்களுக்குப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆகவே அவர் கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் உங்களிடம் கேட்கும் முதற்கேள்வி அதுவாகவே இருக்கும்.