வேப்பேரிக்கு வந்த மார்ஜரி டீச்சர்

சித்திரை வெயில் என்றால் எங்கள் மரக்காணத்து உப்பளங்களுக்குக் கொண்டாட்டம், மனுஷருக்குத்தான் திண்டாட்டம். போன வருஷம் அப்படி ஒரு மத்தியானம். எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பாடம் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பெண்ணின் தாய், அளத்தில் உப்பு சுமந்துவிட்டு நேரே வந்தாள். "இது படிச்சி இன்னா ஆவப் போவுதுக்கா? எங்கூட வந்தா கூலியாவது கெடைக்கும்" என்றாள். நானே பத்தாவதோடு நின்றவள். சட்டென்று பதில் வரவில்லை.

அன்று ராத்திரி என் நினைவுக்கு வந்தவர், எப்போதோ படித்து மனதில் தங்கிய மார்ஜரி சைக்ஸ் அம்மையார். 1905ல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1928ல் சென்னை வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றுக்கொண்டார். (இத்தனை வருஷம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது!) அவர் வந்த இரண்டாம் வருஷமே, 1930ல், ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போனார்.

சென்னையில் இருந்தபோதுதான் மார்ஜரி குவேக்கர் ஆனார். 'நண்பர்கள் சங்கம்' என்ற அந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் கூடி மௌனமாக உட்கார்ந்து வழிபடுவார்கள். யுத்தமே கூடாது என்பவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாத இவர், 1939ல் தாகூரின் சாந்திநிகேதனத்துக்குப் போய் வங்காளியும் படித்தார். பின்னர் இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்டார்.

என்னைக் கட்டிப் போட்டது அவருடைய சேவாகிராம வாழ்க்கை. காந்திஜி 1937ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்விக்கு அங்கே ஆசிரியர்களைத் தயார் செய்தார். கைத்தொழில் வழியாகவே கணக்கும் மொழியும் விஞ்ஞானமும் வரவேண்டும் என்பது அந்த முறை. நூல் நூற்றால், நீளம் அளப்பதே கணக்கு! அப்புறம் நம் கோத்தகிரியில் பல வருஷம் வாழ்ந்து, சாந்தி சேனைக்குத் தொண்டர்களைப் பழக்கினார். 1964ல் போர் நிறுத்தம் ஆன நாகாலாந்துக்கும் போய் வந்தார். 75 வயதில் இந்தியக் குவேக்கர்களின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். 1995ல், 90 வயதில், இங்கிலாந்தில் காலமானார்.

மறுநாள் காலை, நோட்டும் அளவு நாடாவுமாக அந்தப் பெண்ணோடு நானும் அளத்துக்குப் போனேன். பாத்தியின் நீள அகலத்தை அளந்தோம். எத்தனை நாளில் உப்பு இறங்கும், காற்று மாறினால் என்ன ஆகும், ஒரு பாத்திக்கு எத்தனை கூடை... எல்லாவற்றுக்கும் தாய்தான் பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சகோதரிகளே! மகள் பெருக்கிக் கூட்டி, ஒரு நாளில் அம்மா தலையில் ஏறி இறங்கும் உப்பு எத்தனை கிலோ என்று சொன்னபோது, தாய் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

"இம்மாம் எடையா?" என்றாள் கடைசியில்.

பெண் இப்போது எட்டாவது போகிறாள். சாயந்தரம் வருகிறவள் தனியாக வருவதில்லை. தம்பியையும் இழுத்துக்கொண்டு வருகிறாள்.