உங்களுக்குத் தெரியுமா? புட்டிக்குள் ஒரு மழைக்காடு

ஏசி அறையில் வைத்த கலாத்தியா செடியின் இலை நுனி கருகினால், பலரும் தொட்டியில் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார்கள். குறை பல நேரம் மண்ணில் இல்லை, காற்றில். ஏசி அறையைக் குளிர்விக்கும்போதே காற்றிலுள்ள ஈரத்தையும் நீராக்கி வெளியே வடித்துவிடுகிறது. இலைமேல் தண்ணீர் தெளிப்பதும் சற்று நேரத்துக்குத்தான். உலர்ந்ததும் பழைய கதை.

இதற்கு வழி 1829-லேயே லண்டனில் தற்செயலாகக் கிடைத்தது. நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு புட்டியில் மூடி வைத்தார். முளைத்ததோ பெரணி! லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் பெரணிகள் பிழைத்ததே இல்லை. புட்டிக்குள்ளோ, ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியதால், ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றாமலே வாழ்ந்தது. 1876-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறியதும் அவர் பெயர் தாங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான்.

நீங்களும் மூடிய கண்ணாடித் தொட்டி வைப்பதானால், நேர்வெயில் படாத இடமாகப் பாருங்கள். இல்லையேல் செடி வெந்துவிடும். கண்ணாடி ஓயாமல் வியர்த்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.